இறப்புச் சான்றுக்கு அளித்த அவகாசம்

அனுப்புநர்:
'ஈரத் தீக்குச்சி' என்ற மேடைப் பெயர் கொண்ட போட்டியாளரின் அக்கா,
கல்லூரி நூலகர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்:
கலை நிகழ்ச்சிப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நிகழ்த்துக் கவிதைப் போட்டி, 'சொந்த வாழ்வு' பிரிவு – தாயின் இறப்புச் சான்றைச் சமர்ப்பிக்க என் தம்பிக்கு அளிக்கப்பட்ட அவகாசத்தை ரத்து செய்யக் கோருதல் – தாயார் உயிருடன் இருப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காகிதம் பார்க்காமல், ஒலிபெருக்கியின் முன் தனியாக நின்று கவிதை சொல்வது என் தம்பியின் தொழில். வேறு தொழில் அவருக்கு அமையவில்லை. தங்கள் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு அவர் தேர்வானது 'அம்மா போன அன்னிக்கு' என்ற கவிதையால். அரங்கில் அழாதவர் இல்லை என்றும், தாங்களும் கைக்குட்டையை எடுத்தீர்கள் என்றும் தம்பி சொன்னார்.

2. அம்மா போகவில்லை. இதய நோயோடு தம்பியின் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். இடையில் இருப்பது பலகைத் தடுப்பு. தம்பி ஒவ்வொரு மாலையும் அந்தக் கவிதையைப் பயிற்சி செய்வார். முதலில் விம்மி அழுது பார்த்தார், பிறகு பாதியில் குரலை உடைத்துப் பார்த்தார். தன் சாவைத் தானே கேட்டுக்கொண்டு படுத்திருந்த தாயார் ஒருநாள் தடுப்பைத் தட்டிச் சொன்னார்: "அழாம சொல்லுடா. நீ அழுதா அவங்க எதுக்கு அழணும்?" தம்பி அப்படியே செய்தார். அரையிறுதியில் வென்றார்.

இதை நான் குறை சொல்லவில்லை. கற்பனை செய்யக் கவிஞருக்கு உரிமை உண்டு என்றுதான் நானும் படித்திருக்கிறேன். ஆனால் தங்கள் விதிப்படி, இந்தப் பிரிவில் சொல்லப்படுவது சொன்னவருக்கு உண்மையில் நடந்திருக்க வேண்டும்.

3. கவிதையில் சொன்னது நடக்கவே இல்லை என்று, தோற்ற போட்டியாளர் ஒருவர் தங்களிடம் முறையிட்டிருக்கிறார். தாயாரின் இறப்புச் சான்றைத் தராவிட்டால் போட்டியிலிருந்து நீக்கி, இனி எந்த நகராட்சி மேடையிலும் ஏற்ற மாட்டோம் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து தம்பிக்குக் கடிதம் வந்தது. அவர் எதையும் மனதுக்குள் படிப்பவர் அல்லர். மின்கட்டண ரசீதையும் உரக்கத்தான் படிப்பார். கடிதம் முழுவதும் தாயாரின் காதில் விழுந்தது.

4. 'தாயார் இருக்கிறார், மன்னியுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்திருக்கும். தம்பி அதை எழுதவில்லை. உரிய சான்றை இறுதிச் சுற்றுக்கு முன் சமர்ப்பிப்பதாகவும், அதுவரை அவகாசம் வேண்டும் என்றும் எழுதினார். அதையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். தாங்கள் அவகாசம் அளித்தீர்கள். எதற்கான அவகாசம் என்று தங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

5. தாயாருக்குத் தெரிந்தது. அவருடைய மாத்திரைகளை வேளாவேளைக்கு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். வாயில் போட்டுத் தண்ணீரும் குடிப்பார். சென்ற வாரம் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியபோது, நனைந்து உலர்ந்த மாத்திரைகள் கையளவு கொட்டின. "உன் தம்பி பொய் சொன்னான்னு நாலு பேர் சொல்லக் கூடாதுடி" என்றார். வேறு விளக்கம் தரவில்லை. இப்போது வாயைத் திறக்க மறுக்கிறார். கால்கள் வீங்கிவிட்டன. சாய்ந்து உட்கார்ந்தாலும் மூச்சு வாங்குகிறது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வந்தவர்களைத் திட்டி அனுப்பிவிட்டார். மாத்திரையை மீண்டும் தொடங்காவிட்டால் அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

6. மாத்திரைகளைத் தம்பியின் மேசைமேல் கொட்டினேன். "அது அம்மாவோட முடிவு, அக்கா. நான் என்ன வாயில திணிக்கவா முடியும்?" என்றார். மறுநாள் மாலைப் பயிற்சியில் கவிதைக்குப் புதிய அடிகள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒரு தலையணை உறை வருகிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் தாயார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாக வந்திருக்கிறதென்று என்னிடம் சொன்னார். எனக்குக் கவிதை புரியாது என்பது இருவரின் ஒருமித்த கருத்து. அந்த அடிகள் நன்றாகத்தான் இருந்தன.

7. எனவே, அவகாசத்தை இன்றே ரத்து செய்து, போட்டியிலிருந்து என் தம்பியின் பெயரை நீக்குமாறு வேண்டுகிறேன். அந்த உத்தரவைத் தம்பிக்கு அனுப்பினால் போதாது. அவர் அதை மட்டும் மனதுக்குள் படிக்கக்கூடும். நான் சொன்னால் தாயார் நம்ப மாட்டார். ஆகவே முத்திரையிட்ட உத்தரவோடு அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, தாயாரின் கட்டிலருகே உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும். இனி இறப்பதால் மகனுக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவருக்கு ஐயமறத் தெரிய வேண்டும். அதன் பிறகு தம்பி என்னோடு பேச மாட்டார். தாயாரும் பேசாமல் போகலாம். தெரிந்தேதான் கேட்கிறேன்.

8. தங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்ததும், தாயார் தம் சார்பிலும் ஒரு வேண்டுகோளைச் சேர்க்கச் சொன்னார். மறைப்பது முறையல்ல என்பதால் அவர் சொன்னபடியே தருகிறேன்: "இறுதிச் சுற்றை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமான்னு கேளு. நான் நெனச்சதைவிட மெதுவாப் போகுது."

அவருடைய வேண்டுகோளை நிராகரித்து, என்னுடையதை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தாயாரின் அறை
நாள்: இறுதிச் சுற்றுக்கு முந்தைய திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மூத்த மகள்