சரக்குக்கு மட்டும் திறக்கும் கதவு

திண்டிவனம்
8.11.1981

அருகன் துணை

அன்பு மகள் ராஜமதிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா நலம். நானும் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போன வாரம் விழுப்புரம் போய், நீ வேலையில் சேரவேண்டிய அலுவலகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் வசதிதான், வாசலில் நாலைந்து படி இருக்கிறது, அவ்வளவே என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ, "அப்பா, நீங்கள் உங்கள் காலால் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்" என்று பதில் போட்டிருக்கிறாய். படியில் கைப்பிடி உண்டா, கதவில் வண்டி நுழையுமா, கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கிறாய். எம்.ஏ. படித்தவன் நான். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் தூக்கித் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அன்றைக்குக்கூட எனக்கு இப்படிச் சுருக்கென்று தைக்கவில்லை.

சரி, உன் காலாலேயே பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடியும் ரயிலேறினேன். விழுப்புரத்தில் இறங்கியதும் முதல் சந்தேகம் வந்தது. வெளியே வர எல்லோரும் மேம்பாலப் படியேறித்தான் வரவேண்டும். நான் நின்று பார்த்தேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. எண்ணெய்ச் செக்குக்குப் போகிற மல்லாட்டை மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி அதன் வழியாகத் தண்டவாளத்தைக் கடந்து சுகமாகக் கொண்டுபோகிறார்கள். மூட்டைக்கு வழி யோசித்தவன் மனிதனுக்கு யோசிக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருதயராஜ் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். என்னோடு கல்லூரியில் படித்துப் பாதியில் விட்டவர். அவர் கடைக்குப் பழுது பார்க்க ஒரு கைவண்டி வந்திருந்தது, உன்னுடையதைப் போலவே கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. ஒரு மணி நேரம் கொடு என்றேன். "யோவ் தரணி, காலு நல்லாத்தானே கீது? வாத்தியார் வேலை போயிடுச்சா, வேற எதுனா தொழில் பண்ணப் போறியா?" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

அந்த வண்டியில் உட்கார்ந்த பிறகு விழுப்புரம் எனக்குத் தெரியாத ஊராகிவிட்டது. எந்தச் சாக்கடைப் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் பெரிய விஷயமாகிவிட்டது. உள்ளங்கை கன்றிப் போயிற்று. மார்க்கெட் முனையில் மேடு ஏற முடியாமல் திணறியபோது இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். நல்லவர்கள்தான். ஆனால் நான் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவிடாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நான் போட்ட கூச்சலுக்கு, "வண்டில வர்றவரு வேற எங்க போவாரு? உதவி பண்ணதுக்கு இப்டி பேஜாரு பண்றீங்களே பெரியவரே" என்று என்மேலேயே குறைப்பட்டுக்கொண்டு போனார்கள். உனக்கும் சென்னையில் இப்படி நடப்பதுண்டா? நீ எழுதியதே இல்லையே.

அலுவலகத்துக்கு வருகிறேன். வாசலுக்கு மேலே 'உலக ஊனமுற்றோர் ஆண்டு' என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே ஏழு படி. கைப்பிடி கிடையாது. போன வாரம் நான் நாலைந்து என்று எழுதியவை ஏழு, ராஜமதி. நடக்கிறவன் படியை எண்ணுவதில்லை. நீ இரண்டு அக்குள் கட்டைகளையும் ஊன்றிக்கொண்டு பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது என்பது கீழே உட்கார்ந்து பார்த்தால் சட்டென்று தெரிகிறது.

வாசலில் இருந்த பியூன் என்னைக் கண்டதும், "உதவிப் பணம்னா செவ்வாக்கிழமை வா, இன்னிக்கு யாரும் இல்ல" என்றான். என் மகள் இங்கே வேலைக்கு வரப்போகிறாள் என்றேன். அவனுக்கு வேடிக்கையாகிவிட்டது. உள்ளே போய்க் கண்காணிப்பாளரை அழைத்துவந்தான். கோதண்டபாணி என்று பெயர். மேல் படியில் நின்றுகொண்டு, "பொண்ணுக்கும் இதே மாதிரிதானா? குடும்பமே வண்டியிலதான் வருமா?" என்றார். நீ சேரவேண்டிய பிரிவு மாடியில் இருக்கிறதாம். கீழே ஏதாவது இடம் கொடுக்கக் கூடாதா என்று நான் அடக்கமாகத்தான் கேட்டேன். உன் ஆணையாகச் சொல்கிறேன், அடக்கமாகத்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "வேலைக்கு வர்றவங்கதான் ஏறி வரணும். ஆபீஸ் எறங்கி வராது. முடியலன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருக்கச் சொல்லுங்க."

கோபப்படாதீர்கள் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு நினைவிருந்தது. ஆனால் நான் எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. எழுந்தேன். ஏழு படியையும் ஏறி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

அடுத்து நடந்ததை நீயே யூகித்திருப்பாய். "அடப்பாவி, நடக்குறான்யா!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. உதவிப் பணத்துக்காக வேஷம் போட்டவன் என்று பியூன் என் சட்டையைப் பிடித்தான். உள்ளேயிருந்து ஓடிவந்து விலக்கியது தையல்நாயகி, என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள், இப்போது அங்கே எழுத்தர். "எங்க சாருய்யா அவரு, கைய எடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பிடி விட்டது. ஆனால் கோதண்டபாணி விடவில்லை. சிரித்துக்கொண்டே, "அப்ப உங்க பொண்ணும் வீட்ல இப்டி எழுந்து நடக்குமோ? டாக்டர் சர்ட்டிபிகேட்டை இன்னொரு தரம் பாக்கணும் போலிருக்கே" என்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். என்மீது விழுந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் எழுந்து நின்ற பழி உன்மேல் போய் விழுந்துவிட்டது. வேறு எதை எழுதாவிட்டாலும் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தையல்நாயகி என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப்போனாள். அங்கே ஒரு கதவு, அதற்கு ஏறிப்போக ஒரு சரிவு! காகிதக் கட்டு வருகிற தள்ளுவண்டிக்காகக் கட்டியது. மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். சாவி கோதண்டபாணியிடம். கதவுக்கு அந்தப்பக்கம் தபால் பிரிவு, தரைத்தளம். பக்கத்தில் ஒரு கழிப்பறையும் உண்டு, அதில் உடைந்த நாற்காலிகளை அடைத்துவைத்திருக்கிறார்களாம். வண்டியைக் கொண்டுவந்து சரிவில் ஏற்றிப் பார்த்தேன். ஏறுகிறது. அடியில் ஒரு கல் தட்டுகிறது, கொஞ்சம் மண் போட்டால் சரியாகிவிடும். கதவில் வண்டி நுழைந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சும்.

உடனே போய்ச் சாவி கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "நீங்க கேக்காதீங்க சார். நீங்க கேட்டா பூட்டையே மாத்திடுவாரு. பொண்ணு ஆர்டரை வச்சிக்கினு வந்து நிக்கட்டும். காலி வண்டிக்கு எவன் கதவைத் தொறப்பான்? நாற்காலிய நாங்க நாலு பேரு தூக்கிப் போட்டுடறோம்" என்றாள். கதவு திறந்த பிறகுதான் நீ வரவேண்டும் என்பது என் நியாயம். நீ வந்தால்தான் கதவு திறக்கும் என்பது அவள் கணக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சாவி கேட்கப் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு இருதயராஜ் கடைக்கு வந்துவிட்டேன்.

இருதயராஜின் கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறது, படி இல்லை. அம்மா உன்னோடு வந்து இருப்பாள். அவளுக்கு ஏழு படியும் கவலையில்லை, கோதண்டபாணியும் கவலையில்லை. ஆபீஸ் விட்டு வந்து நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிட முடியுமா என்பதுதான் கேள்வி. உன் மாமா குணபத்திரன் வழக்கம்போல, ஊனமான பெண்ணுக்கு உத்தியோகம் எதற்கு என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இந்த வீட்டில் இனி காப்பி கிடையாது.

உன்னை வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இருபதாம் தேதிக்குள் சேரவேண்டும். அங்கே படி அப்படியேதான் இருக்கிறது, பூட்டும் அப்படியேதான். ஆனாலும் சர்ட்டிபிகேட்டை நகல் எடுத்துக்கொண்டு வா. சாவியை நீ கேள். நான் வாசல்வரைகூட வரமாட்டேன். இருதயராஜ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ உள்ளே போய்விட்டாய் என்று தையல்நாயகி ஆள் அனுப்புகிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

அருகன் உனக்கு வழிவிடட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
தரணேந்திரன்