ஆனைக்கொம்பன் இறங்கிவிட்டான்

நவம்பர் 15, 1999

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். எடுத்த இடத்திலேயே, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

எல்லையில் சண்டை முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள் என்றார் வகுப்பில் ஜெகதாம்பாள் மிஸ். எதிரி குண்டே போட வேண்டாமாம். வயலில் பூச்சியையோ நோயையோ கொண்டுவந்து விட்டால் போதும், நாடே பட்டினி கிடக்கும். "ஆவடியில டேங்க் செய்யறோம். நம்ம மேல அவனுக்குத் தனிக் கண்ணு."

"எங்க ஊட்டு உப்புமாவுல எப்பவோ எறங்கிட்டான் மிஸ்" என்றாள் கஸ்தூரி. நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 17

காலையில் பால்காரர் துலுக்கானம் பக்கத்து வீட்டு லட்சுமணன் மாமாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

"வெள்ளானூர்ல ஆனைக்கொம்பன் எறங்கிட்டான் அண்ணாத்தே. ஏரிக்கரை பூரா அவன்தான். பின்னாடியே புகையான் வந்துகினு கீறான்."

ஆனைக்கொம்பன். புகையான். எந்த அம்மா பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பாள்? ரகசியப் பெயர்கள்தான். இவருக்கு எப்படித் தெரியும்? கூட்டாளியோ?

நவம்பர் 18

சோறு சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றேன். பிறகு ஆறு பூரி சாப்பிட்டேன். கோதுமை வடக்கிலிருந்து வருகிறது.

நவம்பர் 20

எங்கள் டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசல் காவலர் வீராசாமியிடம் சொல்லிவிட்டேன். மெட்ராஸ்காரர். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பேரு இன்னா சொன்ன?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நவம்பர் 21

பால் வரவில்லை. வாசலில் நடந்ததை அம்மா வந்து சொன்னாள். வீராசாமி பால் கேனைத் திறந்து பார்த்தாராம்.

"ஆனைக்கொம்பன் எங்க?"

"எங்க வயல்லதான் சார்."

"எத்தினி பேரு?"

"கணக்கே இல்ல சார்."

இனி உள்ளே விடமாட்டேன் என்று துரத்திவிட்டாராம்.

அப்பா கடுங்காப்பி புரையேறச் சிரித்தார். "அது ஈ, கண்ணு. கொசு மாதிரி இருக்கும். புழு நெல்லுக் குருத்துக்குள்ள பூந்துட்டா, வெங்காயத்தாளாட்டம், ஆனைக்கொம்பாட்டம் வெள்ளையா நீளும். கதிரே வராது." புகையானும் பூச்சிதானாம். எதிரி யாரும் அனுப்பவில்லை. தானாகவே வருமாம்.

பிறகு அப்பா சிரிப்பை நிறுத்தினார். "பாவம், வெள்ளாமையும் போச்சு. இனி பாலை வித்துத்தான் அவங்க வீட்டுல அடுப்பெரியணும். எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னானோ." சட்டையை மாட்டிக்கொண்டு வீராசாமியைப் பார்க்கப் போனார்.

ஐயோ, போய்ச் சொன்னது நான்தானே.

நவம்பர் 22, விடியவில்லை

இன்று முதல் துலுக்கானம் வரலாம் என்று அப்பா பேசி முடித்துவிட்டார். யார் சொன்னது என்று வீராசாமி காட்டிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

தூங்கவேயில்லை. மிஸ் சொன்னது சரிதான், குண்டு வேண்டியதில்லை. துலுக்கானம் சோற்றில் முதலில் கைவைத்தது ஆனைக்கொம்பன். அடுத்தது நான்.

அம்மா எழுவதற்குள் நானே போய்க் கதவைத் திறக்கப்போகிறேன். "அண்ணா, சொன்னது நான்தான்" — இவ்வளவுதான். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். திட்டினால் திட்டட்டும். நாளையிலிருந்து வேறு வீட்டுக்கு ஊற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால்? அதற்கு என்ன பதில்—

கதவைத் தட்டும் சத்தம். "பாலு!" துலுக்கானம்தான். போகிறேன்.