எண்பதாம் பிறந்தநாளுக்கு எஸ்கில் எழுதிய பாட்டு

பிப்ரவரி 2, 1993

மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். வானொலியில் என் பேத்தி பெயர்! லிஸ்பெத் இனி மீன்வளத் துறை அமைச்சராம். கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மீன் கருகியது. கருகட்டும். ஐந்தாம் வகுப்போடு மீன் பிளக்கும் கொட்டகைக்கு வந்தவள் நான். என் பேத்தி இன்று பதவியேற்க ராணி முன்னால் நின்றிருக்கிறாள்!

பிப்ரவரி 3

தொலைபேசியில் பேசினாள். "பழைய அமைச்சர் ஆபீஸ் சாவியோட ரப்பர் பூட்ஸும் பரிசா குடுத்தார் பாட்டி. கால்ல நிக்க மாட்டேங்குது."

"ரெண்டு கம்பளிக் காலுறை போட்டுக்கோடி" என்றேன்.

ஏப்ரல் 19

ஜூனில் எனக்கு எண்பது. பக்கத்து வீட்டுப் படகுக்காரன் எஸ்கில்தான் பாட்டு எழுதுகிறான். ஊரில் எந்த விருந்தென்றாலும் அவன் பாட்டுதான். வேண்டியவர்களை ஒருவர் விடாமல் பாட்டில் கிண்டலடித்து வாரிவிடுவான். வேண்டாதவர்களைப் பற்றி மூச்சுவிட மாட்டான்.

மே 11

இலையுதிர் காலம் வரை காட் மீன் பிடிக்கக் கூடாது. லிஸ்பெத்தின் உத்தரவு. எஸ்கில் வேலியோரம் நின்று, "அமைச்சரம்மா சௌக்கியமாங்களா?" என்றான். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன்!

"பேர் சொல்லேன்டா."

"அதெப்படி? பெரிய எடமாச்சே."

கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 12

குஞ்சு மீனையும் வாரிட்டா அப்புறம் எதைடா பிடிப்பீங்க? அவ செஞ்சது சரிதான். சரிதானே? எஸ்கில் படகு கட்டியே கிடக்கு. அதையும் பார்க்க முடியல.

மே 30

"விருந்துக்கு நான் வரல பாட்டி. எஸ்கில் மாமா பாட்டுல என்னைக் கிழிச்சிடுவார்."

"கிழிச்சா நல்லதுடி. உன் பேரையே எடுக்கலேன்னா?"

விருந்து எத்தனை மணிக்கு என்று லிஸ்பெத் கேட்டாள். பிறகு, "வர்றேன்" என்றாள்.

ஜூன் 12

நாளை அந்தப் பாட்டில் அவளும் இருக்க வேண்டும். வேறு பரிசு வேண்டாம். எஸ்கிலிடம் கேட்கலாம்தான். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

ஜூன் 13

விடியும்போதே எஸ்கில் வந்து என் கம்பத்தில் பிறந்தநாள் கொடி ஏற்றிவிட்டுப் போனான். காப்பிக்குக்கூட நிற்கவில்லை.

மதியம் விருந்தில் சேர்ந்து பாட, பாட்டுத் தாளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். கடைசி வரை பார்க்கப் பயம். பாடிக்கொண்டே போனேன். தேவாலயத்தில் நான் விடும் குறட்டை வந்தது. என் தண்ணிக் காப்பி வந்தது. பாதிரியாரின் தொப்பை வந்தது. லிஸ்பெத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் —

"துடுப்புப் போடத் தெரியாம
துறையில விழுந்த லிஸ்பெத்து
கடலுக்கே இப்ப பூட்டுப் போட்டா,
சாவி எங்கடி லிஸ்பெத்து?"

சிரிப்பில் மேசை அதிர்ந்தது. காது வரை சிவந்து அவள் எழுந்து நின்றாள். அந்த நாலு வரியை அவள்தான் எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். நான் தாளை மடித்துவிட்டு அவளையே பார்த்தேன்.

பிறகு அவளும் எஸ்கிலும் சமையலறையில் பாத்திரம் கழுவியபடி வலைக்கண் அளவைப் பற்றி ஒரே சண்டை. காது குளிரக் கேட்டேன்.

ஜூன் 14

காலை ரயிலில் போய்விட்டாள். தடை இன்னும் இருக்கிறது, எஸ்கிலின் படகும் கட்டித்தான் கிடக்கிறது. மீதிக் கேக்கில் பெரிய துண்டை அவனுக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு கேட்டான்: "லிஸ்பெத் சாப்பிட்டுப் போனாளா?"