நான்காவது அறிகுறி

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று முதல் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு அவமானமாக இருப்பதையும் எழுதுவேன்.

முகத்துவாரத்துக்குக் கொடுவா மீன் வரும் காலம் நெருங்கிவிட்டது. அதற்கு முன் நான்கு அறிகுறிகள் தெரியும் என்பார் அப்பா. ஆற்று நீர் தேயிலைச் சாயம்போலச் சிவக்கும். மடவை மீன் குஞ்சுகள் கரையோரம் ஒதுங்கும். ஆலாப் பறவைகள் தண்ணீருக்குள் தலைகீழாகப் பாயும். கடைசியாக, சத்தம் – கொடுவா இரையை உறிஞ்சும்போது 'டொப்' என்று கேட்குமாம். அதைக் கேட்டவர்கள் அடுத்த படகுக்காரரிடம் மூச்சு விட மாட்டார்கள். மறுநாள் விடியலில் போனவர்களுக்குத்தான் மீன். அதன் பிறகு கூட்டம் கலைந்துவிடும்.

இந்த வருடம் அந்த விடியலில் என்னையும் படகில் ஏற்றிக்கொள்வதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நீர் சிவந்துவிட்டது. கண்ணாடிப் புட்டியில் பிடித்து வந்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வழக்கமாக "என்னம்மா வானிலை, இன்னிக்கு என்ன சேதி?" என்று அப்பாதான் முதலில் கேட்பார்; ஆற்றுச் சேதி சொல்வதால் எனக்கு அவர் வைத்த பேர் வானிலை. இன்று கேட்கவில்லை. இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, புது ஸ்டைலா?"

"ஒரு மாறுதலுக்குத்தான்."

நான் சிரித்தேன். அம்மா மட்டும் "போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மடவைக் குஞ்சுகள்! விரல் நீளம்கூட இல்லை. என் நிழல் விழுந்ததும் மொத்தமாகத் திரும்பின.

எலி கடித்த வலையை அப்பா இன்னும் தைக்கவில்லை. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "நொய்நொய்னு உசிர வாங்காதடி."

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆலாக்கள் வந்துவிட்டன. பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடினேன், அப்பாவிடம் சொல்ல. கொட்டகையில் படகு இல்லை.

அது சித்தப்பா வீட்டு வாசலில் இருந்தது. எங்கள் நீலத்தின் மேல் சித்தப்பா பச்சை பூசிக்கொண்டிருந்தார்.

"வா பெரிய மனுஷி. கலர் எப்படி?"

"எங்க படகு ஏன் இங்க இருக்கு?"

தூரிகை நின்றது. "உங்கப்பா சொல்லலையா? அடக் கடவுளே!"

பிறகு அவரே சொன்னார். அப்பாவின் வலது தோள் போய்விட்டது. இனி வலை இழுக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அடுத்த மாதத்திலிருந்து ஐஸ் ஃபேக்டரியில் காவல் வேலை. படகைச் சித்தப்பா வாங்கிவிட்டார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா!

அப்பாவிடம் கேட்டேன். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். "எப்போ?" என்றேன்.

"அவர ஏன்டி குடையிற? வித்துட்டு அவர் மட்டும் சிரிச்சிட்டா இருக்காரு?" என்றாள் அம்மா.

செப்டம்பர் 17, புதன்

தண்ணீரைப் பார்த்தேன், குஞ்சைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன். சீப்புப் பிடித்த கையைப் பார்த்துச் சிரித்தேன். இந்த லட்சணத்தில் வானிலையாம்!

நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சொன்னபோது அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? 'பாவம்' என்று எழுத வேண்டும். வரவில்லை. கோபம்தான் வருகிறது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர.

செப்டம்பர் 19, வெள்ளி

பள்ளிக்குப் போனேன், வந்தேன். ஆற்றுப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. நீர் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழத்தில் நின்றேன்.

டொப்.

கவிழ்த்த வாளியைத் தண்ணீரில் அறைந்ததுபோல. கொஞ்சம் தள்ளி மறுபடியும். இத்தனை நாள் காத்திருந்த சத்தம். ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை.

வீட்டில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். "உங்கப்பாவக் கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றாரு. 'எனக்கே அவதான் சொல்வா, அவ கண்ணு தப்பாது'ன்னு பெருமை வேற. சொல்லும்மா, நாளைக்குப் படக எறக்கலாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். இந்த வாரத்தில் இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார்.

"இன்னும் சத்தம் கேக்கல சித்தப்பா. ஒரு வாரம் ஆகும்."

என் பாவாடை முழங்கால்வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் பார்வை அங்கே இறங்கியது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

மற்ற படகுகள் விளிம்புவரை மீனோடு திரும்பின. சாயங்காலம் சித்தப்பா வந்தார். உட்காரவில்லை.

"ஊர்ப் படகெல்லாம் ரொம்பி வருது. எம் படகு வாசல்ல வெயில் காயுது. உம் மகள நம்பித்தானண்ணே இருந்தேன்!"

நான் கதவோரம் நின்றிருந்தேன். இப்போது அப்பா உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"விடுடா" என்றார் அப்பா. "சின்னப் புள்ள. அதுக்கு என்ன தெரியும்?"

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் சரிதான். என்னைச் சொல்லணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். தெரிகிறது. அதற்கு எனக்கு நாலு அறை விட்டிருக்கலாம். தெரு முழுக்க 'என் மகளுக்குத் தெரியும்' என்று சொல்லித் திரிந்த வாயால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்குத் தெரியும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. எப்படிக் கத்துவேன்?

நேற்று சத்தம் கேட்டது. இங்கே எழுதிவிட்டேன். வேறெங்கும் சொல்ல முடியாது.

இப்போது அப்பா கூடத்தில் ஸ்விட்ச் அருகே நிற்கிறார். வலது கை பாதி உயர்ந்து, இறங்கியது. இடது கையால் விளக்கை அணைத்துவிட்டார்.