கோயிலில் வாசித்த உன் பெயர்

இன்று காலை வாசலில் நண்டு விற்க வந்தவள் கூடையைத் திறந்தாள். எண்ணூர் நண்டு. காலில் கறுப்புச் சேறு அப்படியே ஒட்டியிருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே "வேண்டாம் போ" என்று விரட்டிவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்? நீ செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. என் மேல் எனக்குள்ள எரிச்சல் இன்னும் யார் தலையிலாவதுதான் விடிகிறது.

நீ எண்ணூர் உப்பளத்தில் காவல்காரன், நான் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ராயபுரத்தில் ஒரே சந்தில் பிறந்து, மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் ஞானோபதேசம் படித்து அடி வாங்கியவர்கள். என் மனைவி அம்மையில் போன பிறகு மகள் ஸ்டெல்லா பேச்சை விட்டுவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை, எது கேட்டாலும் தலையாட்டுவாள், அவ்வளவுதான். வைத்தியம் பார்த்தேன். வண்ணாரப்பேட்டையில் கரடிக்காரனிடம் கூட்டிப்போய், பயம் தெளியட்டும் என்று கரடி முதுகில்கூட ஏற்றி உட்கார வைத்தேன். அது சங்கிலியைக் கடித்துக்கொண்டு முனகியதுதான் மிச்சம்.

நீதான் சொன்னாய்: "சும்மா பேஜார் ஆவாத. நாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் புள்ளைய இட்டுகினு எண்ணூர் வா. ஒண்ணு காட்றேன்."

உப்பளத்துக்குப் பின்னால் உப்பங்கழி வளைந்து உள்ளே போகும். அந்நியர் நுழையக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். வலை கிடையாது, துப்பாக்கி கிடையாது, அதனால்தான் அங்கே உயிர்கள் நிம்மதியாக இருந்தன. காவல் காக்க வேண்டிய நீயே எங்களை உள்ளே விட்டாய். உன் பையன்கள் இரண்டு பேரும் ஸ்டெல்லாவும் வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். எதிர்க்கரைப் புதரிலிருந்து நீர்நாய்கள் இறங்கின. பெரியது இரண்டு, குட்டி மூன்று. ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று எங்களையே பார்த்தது.

"கரடி!" என்றாள் ஸ்டெல்லா.

"கரடி இல்லம்மா, நீர்நாய்," என்று திருத்தப் போனேன். நீ என் தொடையில் கிள்ளினாய். "உனுக்கு இன்னாபா? அது சொன்னா கரடிதான். பேசட்டும் வுடு."

"இதுக்கு சங்கிலி இல்ல," என்றாள் அவள். "யாரும் அடிக்கல."

அந்தப் பனிக்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் போனோம். திரும்பும்போது ரயிலில் அவள் வாய் ஓயாது. குட்டிக்குக் குளிராதா, அதன் அம்மா எங்கே தூங்கும் என்று ஒரே கேள்வி. "வெளிய மட்டும் மூச்சு வுட்றாத," என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய். பட்டறையிலும் சந்திலும் நான் மூச்சு விடவில்லை. ஆனால் மாதாவுக்கு நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது என்று நினைத்தேன் பார், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

நன்றிப் பூசை கொடுத்தேன். எதற்காக என்று விலாவாரியாக எழுதிக் கொடுக்காவிட்டால் நம் ஆட்களுக்குப் பூசை கொடுத்த மாதிரியே இருக்காது. நானும் எழுதினேன். அன்றைக்கு உன்னையும் வற்புறுத்தி வரவழைத்தேன். சாமியார் கலியாண அறிவிப்பு ஓலைகளை வாசித்து முடித்து, என் சீட்டையும் கணீரென்று வாசித்தார். எண்ணூர் உப்பளத்துக்குள் அழைத்துப்போய் நீர்நாய் காட்டி என் குழந்தையைப் பேசவைத்த காவல்காரருக்கு, உன் பெயர், உன் அப்பா பெயர் எல்லாம் சொல்லி, ஆண்டவர் நீண்ட ஆயுள் தரவேண்டும் என்று. நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பெஞ்சிலிருந்து உப்பளத்துப் பெரிய குமாஸ்தா திரும்பி உன்னைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

புதன்கிழமை உன் காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வேலையோடு கொடுத்த காவல் வீடும் போனது. அந்தக் குமாஸ்தா அடுத்த ஞாயிறும் கூசாமல் நற்கருணை வாங்கினார், நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அவர் காதில் போட்டது யார்? நான்தானே.

நீ துறைமுகத்தில் கரி சுமக்கப் போனாய். மன்னிப்புக் கேட்க உன் வாசலுக்கு வந்தேன். "நீ கெட்டவனா இருந்தா ஒரு அறை வுட்டுட்டு மறந்துடுவேன். நல்லது பண்றேன்னுகினு என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே, உன்ன இன்னா பண்றது?" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரே கோயிலில் முட்டி போட்டோம், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டே. கரித்தூள் உன் நெஞ்சைத் தின்று தீர்த்தது.

உன்னை அடக்கம் செய்த அன்று உனக்காகப் பூசை கொடுக்கச் சாமியாரிடம் போனேன். உன் மனைவியும் அங்கே நின்றிருந்தாள். யார் பெயரில், என்ன வேண்டுதலுக்கு என்று கேட்டுச் சாமியார் பேனாவை எடுத்தார்.

"ஒண்ணும் வாசிக்க வேணாம் சாமி. ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதும்," என்றேன்.

உன் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் பொட்டு நீர் இல்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாத்தே?" என்றாள்.

இதை எழுதும்போதுகூட ஸ்டெல்லா உள்ளே யாரிடமோ ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் பேசப் பேச எனக்கு உன் மனைவியின் குரல்தான் கேட்கிறது.