எந்த நம்பராக இருந்தாலும்

அன்புத் தங்கை குட்டிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சோம்பல்படாமல் மருந்தைத் தடவிவிட்டுப் படு.

போன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். என் போன் இப்போது என் போன் இல்லை. உன் அத்தான் தன்னுடையதைப் பார்த்து முடித்ததும் என்னுடையதையும் வாங்கிக் குடைகிறார். இதை அவர் பார்க்க வேண்டாம்.

எங்கள் போனுக்கு வருகிற குப்பையை என்னவென்று சொல்ல? விடிந்தால் கடன் வேண்டுமா என்று ஒருத்தி, வீட்டுமனை வேண்டுமா என்று ஒருத்தன். நாங்கள் கேட்காத பார்சல் வாசலில் காத்திருப்பதாக ஒரு மெசேஜ். முடி வளர்க்கும் எண்ணெய்க்குத் தள்ளுபடி. அதை மட்டும் ஆள் பார்த்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. மெயிலைத் திறந்தால் எந்த நாட்டு விதவையோ தன் சொத்து முழுவதையும் உன் அத்தானுக்கே எழுதிவைக்கப் போகிறாளாம். கட்டினவள் நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், அவளுக்கு என்ன வந்தது?

மற்ற வீடுகளில் இதையெல்லாம் பார்க்காமலே அழித்துவிடுவார்கள். இவர் ஒன்று விடாமல் படிக்கிறார். காலையில் காபியோடு உட்கார்ந்து, ஸ்பேம் என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறதே, அதற்குள்ளும் போய் ஒவ்வொன்றாகத் திறக்கிறார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்துவிட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்.

அவர் வேலைதான் உனக்குத் தெரியுமே. பல்செட்டுக்கு அச்சு எடுக்கும்போது, பிளாஸ்டரைக் கலக்கின கையோடு ஊற்றிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். இப்போது பின்னறையில் அப்படிக் கல்லான கிண்ணங்கள்தான் கிடக்கின்றன. போனில் காது வைக்கிற ஓட்டையிலும் பிளாஸ்டர். போன வாரம் கிரெடிட் கார்டு விற்கிற பெண்ணோடு பேசிக்கொண்டே, ஒருவருடைய மேல்வரிசையையும் இன்னொருவருடைய கீழ்வரிசையையும் ஒரே டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டார். பல் டாக்டர் கூப்பிட்டு, “என்ன சார் இது, பெரியவர் வாயை மூட முடியாம உட்கார்ந்திருக்கார்” என்று சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம்.

ஏன் இப்படி ஆனார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளை வாண்டு அன்றைக்கு அப்பாவுக்கு உதவியாக வேலை மேஜையில் உட்கார்ந்தும் ஒரு கையால் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். இவர் சொல்லிப் பார்த்தார், அவன் நிமிரவே இல்லை. போனைப் பிடுங்கி, கலக்கி வைத்திருந்த பிளாஸ்டருக்குள் அமுக்கிவிட்டார். வளர்ந்த பிள்ளையிடம் அப்பன் செய்கிற காரியமா அது? “இனி இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு” என்று ஒரு பையோடு போனவன்தான். பழைய நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது. புது நம்பர் யாருக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது என்று எழுதுவதுதான் சரி.

அதனால்தான் தெரியாத நம்பர் எதைப் பார்த்தாலும் இவருக்கு மகன்தான் என்று தோன்றிவிடுகிறது.

தொல்லை பொறுக்காமல் போன் கடைக்காரரிடம் கொடுத்து, தெரியாத நம்பர் எதுவும் உள்ளே வராதபடி செய்து வாங்கி வந்தேன். வீடு அமைதியானது. இவரோ போனை ஆட்டிப் பார்ப்பதும், காதில் வைத்துப் பார்ப்பதும், சார்ஜில் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பதுமாக இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பார்க்கச் சகிக்காமல் நானே மறுபடி கடைக்குப் போய் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்தேன்.

முந்தாநாள் வந்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. “அப்பா, என் போன் உடைந்துவிட்டது, இது புது நம்பர், அவசரமாகப் பணம் வேண்டும்” என்று ஒரு மெசேஜ். ஏமாற்றுகிற கூட்டம் ஊரெல்லாம் அனுப்புகிறது. மாடி வீட்டு டீச்சருக்கும் அதே மெசேஜ், அதே அப்பா. அந்தம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பதில் போடாதீர்கள் என்று சொல்ல நான் ஓடினேன். அதற்குள் போட்டுவிட்டிருந்தார். “சாப்பிட்டியா?” என்று ஒன்று. அதற்குக் கீழே, “அப்பா மேல இன்னும் கோபமா?” என்று ஒன்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். யார் எவன் என்று தெரியாமல் எவனோ ஒரு திருடனிடம் போய்க் கெஞ்சுகிறீர்களே என்று கேட்டேன். அவர் கத்தவில்லை. “அவன் இல்லைன்னு எனக்கும் தெரியும்டி. அப்பான்னு கூப்பிட்டிருக்கான். எப்படிப் பதில் சொல்லாம இருக்கிறது?” என்றார். பணம் எதுவும் அனுப்பவில்லை. அந்தத் திருடனும் அதற்குப் பிறகு பேசவில்லை. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

குட்டி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போது உனக்குப் பின்னால் யாரோ விடாமல் தும்மினார்கள். தனியாக இருக்கிறவள் வீட்டில் யாரென்று கேட்டதற்கு டிவி என்றாய். டிவியில் யாரடி அப்படித் தும்முகிறார்கள்? மூக்கை உறிஞ்சி, ஒரு ஐயோ போட்டு, அப்புறம் அடுக்கடுக்காக வரும் அந்தத் தும்மல் இந்தப் பின்னறைத் தூசியில் வளர்ந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பான். நீ அதை மீற வேண்டாம். அத்தானிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த வண்டி பிடித்து அங்கே வந்து நிற்பார். அவன் அங்கிருந்தும் கிளம்பிவிடுவான். அப்புறம் நான் எங்கே போய்த் தேடுவேன்?

அவனைத் திருப்பி அனுப்பு என்று கேட்கவில்லை. நம்பர் கொடு என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, எந்த நம்பரிலிருந்தாவது அப்பாவைக் கூப்பிடச் சொல். உடனே எடுப்பார். பேச மனம் வராவிட்டால் பேச வேண்டாம். இவர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார். அதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடட்டும்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா