மைனஸ் இருபத்தெட்டு

அக்டோபர் 28. காலை மைனஸ் 7. மாலை மைனஸ் 5.

நர்ஸ் ரவீலா இந்த நோட்டையும், கொட்டகையில் மாட்ட ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்தாள். தினம் ரெண்டு வேளை பார்த்து எழுத வேண்டும். நான் நாலாவதோடு நின்றவள். எண் எழுத வரும். மிச்ச இடம் சும்மாதானே கிடக்கிறது, அதனால் இதையும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் எரெமே போய் இன்றோடு இருபது நாள். சாவதற்கு நாலு நாள் முன்னால், உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துப் போயும், தம்பி கிரிலின் படகில் உட்கார்ந்து வலை போட்டார். அதில் விழுந்த யாஸ் என்ற ஆற்று மீனில் மிச்சம் நாற்பதும் கொட்டகையில் விறைத்துக் கிடக்கின்றன. பச்சையாகச் சீவி உப்புத் தொட்டுத் தின்றால்தான் அவருக்குச் சாப்பாடு. அவர் கோட்டுத் துணியில் செய்த பொம்மை இப்போது அவர் இடத்தில் இருக்கிறது. ஐம்பது நாளும் அதற்கு மூன்று வேளை வைக்கிறோம். வைத்ததை வீட்டில் இருக்கிறவர்கள் தின்ன வேண்டும். கொட்டினால் அவரையே வாசலில் தள்ளின மாதிரி.

வீட்டில் இருப்பது நானும் மகள் உல்யானாவும். அவளுக்கு வயிற்றில் ஏழு மாசம்.

அந்த மீனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு இருக்கிறதாம். தின்றவர் ஈரலில் போய்க் குடியிருக்குமாம். எரெமேயைக் கொண்டுபோனது அதுதான் என்று டவுன் டாக்டர் சொன்னார். நம்பாமல் ரவீலாவிடம் கேட்டேன்: "கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு, அதுல எது உசுரோட இருக்கும்?"

"இந்தக் குளிர்ல அதுங்க தூங்கும் அக்கா. சாகாது. மைனஸ் இருபத்தெட்டு, ஒன்றரை நாள், விடாம. அப்பத்தான் சாகும்."

இருபத்தாறு வருஷம் சீவிக் கொடுத்தது இந்தக் கை.

அக்டோபர் 31. மைனஸ் 8. மைனஸ் 6.

ஆறு தண்ணீரும் இல்லை, பனியும் இல்லை. படகும் போகாது, பனிவண்டியும் போகாது. யாரும் வரவும் வழியில்லை.

உல்யானா கொட்டகைக் கதவையே பார்க்கிறாள். "ஒரே ஒரு துண்டும்மா. நாக்கு செத்துப் போச்சு."

"கஞ்சி இருக்கு."

"அப்பா போனதும் நீ ஜெயில்காரி ஆயிட்ட."

பூட்டைப் போட்டேன். சாவி என் கழுத்தில்.

நவம்பர் 6. மைனஸ் 4. மைனஸ் 4.

ஈரப் பனி. குளிரே, எங்கே போய்த் தொலைந்தாய்?

நவம்பர் 11. மைனஸ் 9. மைனஸ் 11.

எழுதாமல் வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். அவர் போன மூன்றாம் நாள் பொம்மைக்குப் பச்சை மீன் வைத்தேன். எடுத்து உல்யானா வாயில் நானே ஊட்டினேன். அப்பா வச்சது, தின்னுடி என்றேன். அப்போது ரவீலா எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்கவில்லைதானே? — டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. உறைந்தது செத்தது என்றுதானே எங்கள் ஆட்கள் எல்லாரும்... ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

பொம்மைக்கு இப்போது கஞ்சிதான் வைக்கிறேன். அவர் அதை நோயாளிச் சோறு என்பார்.

நவம்பர் 19. மைனஸ் 17. மைனஸ் 15.

ஆறு மூடிவிட்டது. முதல் பனிவண்டியில் டவுனுக்கு அனுப்ப, உல்யானாவின் சோதனைக்கு ரவீலா தீப்பெட்டியில் மலம் கேட்டாள். "என்னுதையும் எடுத்துக்கோ" என்றேன். ரெண்டு தீப்பெட்டி. உல்யானா சிரித்துவிட்டாள். "அம்மா, டவுனுக்கு இதுதான் நம்ம சீதனமா?" எத்தனை நாள் ஆச்சு இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு.

நவம்பர் 25. காலை மைனஸ் 29!

வந்துவிட்டது. மூன்று தடவை பார்த்தேன். மாலை மைனஸ் 31. நாளை சாயங்காலம் வரை நின்றால் போதும். நாளை மறுநாள் ஐம்பதாம் நாள். அவர் மீனை அவர் ருசியிலேயே வைத்துவிடலாம்.

நவம்பர் 26. காலை மைனஸ் 14.

நிற்கவில்லை. ஒரு முழு நாள்கூட ஆகவில்லை.

"முக்கால்வாசி செத்திருக்கும்லம்மா?"

"மிச்சம் கால்வாசி யாருக்குடி?"

நவம்பர் 27. மைனஸ் 12.

முப்பத்தொன்பது மீனையும் வேகவைத்தேன். ஒன்றை மட்டும் மனசு கேட்காமல் ஒதுக்கிவிட்டேன். சனம் வந்து உட்கார்ந்தது. கிரில் தட்டைத் தள்ளினான்.

"அண்ணி, இது மீனா, துவைச்ச துணியா? அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படி வச்சீங்க? புடிச்சது நான்."

"புடிச்சது நீ. புதைச்சது நான்."

அவனே தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டான்.

டிசம்பர் 9. மைனஸ் 20. மைனஸ் 18.

உல்யானாவுக்கு ஒன்றும் இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எனக்கு இருக்கிறது. இருபது வருஷம்கூட உள்ளே கிடக்குமாம். மாத்திரை வந்திருக்கிறது. ரவீலா அவசரப்படுத்துகிறாள். எப்படிச் சொல்ல அவளுக்கு? ஒரே தட்டில் தின்றது. அவரிடம் இருந்தது மண்ணுக்குள் போச்சு. என்னிடம் இருக்கிறது இன்னும் உயிரோடு.

டிசம்பர் 14. மைனஸ் 22.

மாத்திரை அலமாரியிலேயே.

ஜனவரி 5. மைனஸ் 41. மைனஸ் 39.

நாலு நாளாக மைனஸ் முப்பத்தஞ்சுக்கு மேலே ஏறவில்லை. பிரசவத்துக்கு டவுன் போயிருந்த உல்யானா பெண் குழந்தையோடு வந்துவிட்டாள். வந்ததும் அலமாரியைப் பார்த்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ரவீலாவைக் கூப்பிடப் போனாள்.

வயிறு நிறைந்த பிறகுதான் மாத்திரை போட வேண்டுமாம். ஒதுக்கிவைத்த யாஸைச் சீவினேன். சுருள் சுருளாக விழுந்தது. ஐம்பது நாள் கழிந்தும் எடுக்காமல் வைத்திருந்த அவர் பொம்மைக்கு முன்னால் வைத்தேன். பிறகு நான் ஒரு வாய், உல்யானா ஒரு வாய், ரவீலாவும் ஒரு வாய். "இது சரியான குளிர் அக்கா" என்றாள்.

பிறகு மாத்திரைகளை எடுத்துத் தந்தாள். விழுங்கினேன்.

நாளைக்கு எண் எழுத வேண்டாம். கொட்டகையில் மீன் இல்லை.